வாகனம், லாரி, பேருந்து: ஒரு அட்டவணைத் தகராறின் வரலாறு

ஒரு பாலம். அதன் முனையில் ஒரு சுங்கச்சாவடி. சாவடிக்கு முன்னால் வரிசைகட்டி நிற்கும் லாரிகளும் பேருந்துகளும். கணினி மொழிகளின் வரலாற்றில் இதைவிடப் பெரிய விளைவுகளை உண்டாக்கிய டிராஃபிக் ஜாம் வேறு இருக்குமா, சந்தேகம்தான். 1960களின் நடுவில் நார்வேயின் ஆஸ்லோ நகரில் கிறிஸ்டன் நைகார்ட், ஓலே-யோஹான் டால் என்ற இருவர் மல்லுக்கட்டிக்கொண்டிருந்த உதாரணம் இது. அந்தப் பாலம் கற்பனை, லாரிகளும் கற்பனை. ஆனால் அங்கிருந்து கிளம்பிய யோசனை இன்றைக்கு வங்கி, மருத்துவமனை, ரயில் முன்பதிவு என்று நாம் தொடும் மென்பொருள் எல்லாவற்றிலும் ஏதோ ஒரு மூலையில் உட்கார்ந்திருக்கிறது. அந்த யோசனையைத் தரவுத்தள அட்டவணைக்குள் அடைக்க முயலும்போதெல்லாம் ஒரு தகராறு கிளம்புகிறது. அதற்கும் இப்போது முப்பது, நாற்பது வயது ஆகிவிட்டது.

நிரல் எழுதுகிறவர்கள் இதை ஒரு தொழில்நுட்பத் தலைவலியாகப் பேசுவார்கள். எந்த வழி வேகம், எந்த வழி மெதுவு என்று. வரலாற்றைக் கொஞ்சம் பின்னால் போய்ப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது. இது காலத்தைப் பற்றிய தகராறு. ஒரு பக்கம், சில நிமிடங்களே வாழப்போகும் உயிர்களுக்காகச் செய்த ஏற்பாடு. இன்னொரு பக்கம், எழுதியவர்கள் போன பிறகும் இருக்கப்போகும் பதிவுகளுக்காகச் செய்த ஏற்பாடு. இரண்டையும் ஒரே வீட்டில் குடிவைத்துவிட்டு, ஏன் ஒத்துப்போகவில்லை என்று கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

பாலம்

நைகார்ட் நார்வேயின் ராணுவ ஆய்வு நிறுவனத்தில் வேலையைத் தொடங்கியவர். 1960-இல் நார்வே கணிப்பு மையத்துக்கு வந்தார். நிஜத்தில் செய்துபார்க்க முடியாத, செய்தால் செலவு தாங்காத விஷயங்களைக் கணினிக்குள் ஓடவிட்டுப் பார்ப்பதுதான் அவருடைய அக்கறை. ஒரு தபால் அலுவலகத்தில் எத்தனை கவுன்ட்டர் திறந்தால் கூட்டம் குறையும்? ஒரு தொழிற்சாலையில் எந்த இயந்திரத்தின் முன்னால் வேலை தேங்கும்? இந்த மாதிரிக் கேள்விகளுக்காகவே இருவரும் உருவாக்கிய மொழி சிமுலா. பெயரிலேயே சிமுலேஷன் இருக்கிறது. 1965-இல் யூனிவாக் 1107 என்ற கணினியில் அது ஓடத் தொடங்கியது.

பாலத்துக்கு வருவோம். லாரிக்கும் பேருந்துக்கும் பொதுவானவை நிறைய. இரண்டும் வரும், வரிசையில் நிற்கும், கட்டணம் கட்டும், போகும். லாரிக்குச் சுமை உண்டு, பேருந்துக்குப் பயணிகள் உண்டு. இரண்டையும் தனித்தனியாக எழுதினால் பொதுவான சங்கதியை இரண்டு தடவை எழுத வேண்டும். அதைவிட முக்கியம், வரிசை என்ற ஒன்று இருக்கிறதே, அதற்குள் லாரியும் நிற்க வேண்டும், பேருந்தும் நிற்க வேண்டும். முன்னால் நிற்பது எதுவென்று வரிசைக்குக் கவலை இருக்கக் கூடாது. பிரிட்டிஷ் கணினி அறிஞர் டோனி ஹோர் அப்போது பதிவுகளின் வகை, துணைவகை பற்றி எழுதியிருந்தது இருவருக்கும் ஒரு பிடி கொடுத்தது. ‘வாகனம்’ என்று ஒரு வகுப்பை ஒரே ஒரு தடவை எழுதிக்கொள். பிறகு ‘லாரி’ என்று எழுதும்போது அதன் முன்னொட்டாக ‘வாகனம்’ என்று சொல்லிவிடு. வாகனத்தின் எல்லாமே லாரிக்கு வந்துவிடும். மேலே சுமையை மட்டும் சேர்த்துக்கொள். அவ்வளவுதான். 1967 மே மாதம் ஆஸ்லோவின் லீசெபூவில் நடந்த மாநாட்டில், வகுப்பும் துணைவகுப்பும் பற்றிய இந்த யோசனையை இருவரும் முன்வைத்தார்கள். அதுதான் சிமுலா 67.

நமக்கு இது அந்நியமான யோசனை அல்ல. தொல்காப்பியத்தின் மரபியல் உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு வரை அடுக்குகிறது. ஒவ்வொரு படியும் முந்தைய படியின் அறிவுகளை அப்படியே வைத்துக்கொண்டு ஒன்றைக் கூட்டுகிறது. வகுப்புகளின் படிநிலையும் கிட்டத்தட்ட இதே வடிவம்தான். பொதுவில் தொடங்கி, ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டே போவது. இன்ஹெரிட்டன்ஸ் என்பதைத் தமிழில் மரபுரிமை என்கிறோம். பெயரைப் பார்த்துச் சொத்து விவகாரம் என்று நினைத்துவிட வேண்டாம். அப்பா போன பிறகு பிள்ளைக்கு வருவதல்ல இது. இங்கே பிள்ளை எப்போதும் அப்பாவாகவும் இருக்கிறது. லாரி வாகனத்திடமிருந்து எதையோ வாங்கிக்கொள்வதில்லை, லாரியே வாகனம்தான்.

கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. சிமுலேஷன் ஓடி முடிந்ததும் பாலம் மறைந்துவிடும். லாரி லாரியாகப் பிறக்கிறது, சில கணங்கள் வரிசையில் நிற்கிறது, லாரியாகவே மறைகிறது. பத்து வருஷம் கழித்து யாரும் வந்து ‘அன்றைக்கு ஏழாவதாக நின்ற லாரி இப்போது எங்கே’ என்று கேட்கப்போவதில்லை. ஒரு பொருள் தன் வாழ்நாள் முழுக்க ஒரே வகுப்பில் இருக்கும் என்ற விதி இந்த உலகத்தில் யாருக்கும் உறுத்தவில்லை. வாழ்நாளே அவ்வளவு குறைவு.

அட்டவணை

அதே காலத்தில் அமெரிக்காவில் வேறொரு பிரச்சினை. நிறுவனங்களின் பதிவுகள் கணினிக்குள் குவியத் தொடங்கியிருந்தன. அப்போலோ திட்டத்தின் உதிரி பாகங்களைக் கணக்கு வைப்பதற்காக ஐபிஎம் உருவாக்கிய ஐஎம்எஸ், தரவை மரம் மாதிரி அடுக்கியது. ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் சார்லஸ் பாக்மன் உருவாக்கிய ஐடிஎஸ், பதிவுகளை வலைபோலச் சுட்டிகளால் இணைத்தது. இரண்டிலும் ஒரு தகவலை எடுக்க வேண்டுமென்றால் அதற்குப் போகும் பாதை நிரலாளருக்குத் தெரிந்திருக்க வேண்டும். இங்கிருந்து அங்கே, அங்கிருந்து அடுத்தது என்று வழி தேடிப் போக வேண்டும். பாக்மன் இதைப் பெருமையாகவே சொன்னார். 1973-இல் டூரிங் விருது வாங்கியபோது அவர் ஆற்றிய உரை, நிரலாளரை ஒரு மாலுமியாகப் பார்த்தது.

எட்கர் காட் என்பவருக்கு இது ஒத்துக்கொள்ளவில்லை. இங்கிலாந்தில் பிறந்து, இரண்டாம் உலகப் போரில் விமானப் படையில் பறந்து, பிறகு அமெரிக்கா போய் ஐபிஎம்மில் சேர்ந்தவர். 1970 ஜூனில் வெளியான அவருடைய கட்டுரை சொன்னது இதுதான்: தரவு உள்ளே எப்படி அடுக்கப்பட்டிருக்கிறது என்பதைத் தரவைப் பயன்படுத்துகிறவர் தெரிந்துவைத்திருக்க வேண்டிய கட்டாயம் இருக்கக் கூடாது. அடுக்கை மாற்றினால் நிரல்கள் உடையக் கூடாது. இதற்காக அவர் சுட்டிகளையே தூக்கி எறிந்தார். எல்லாம் அட்டவணைகள். அட்டவணையில் வரிகள், வரியில் மதிப்புகள். ஒரு ரசீது எந்த வாகனத்துடையது என்று அறிய அம்புக்குறி எதுவும் கிடையாது. ரசீதில் வாகனத்தின் எண் இருக்கும், அதே எண் வாகன அட்டவணையிலும் இருக்கும், பொருத்திக்கொள்ள வேண்டியதுதான்.

1974-இல் மிச்சிகனின் ஆன் ஆர்பரில் காட் தரப்பும் பாக்மன் தரப்பும் நேருக்கு நேர் விவாதித்தன. பின்னாளில் எஸ்க்யூஎல் ஆன மொழியைச் சேம்பர்லினும் பாய்ஸும் அறிமுகம் செய்ததும் அதே கூட்டத்தில்தான். அடுத்த பதினைந்து ஆண்டுகளில் சந்தையில் ஜெயித்தது காட்டின் பக்கம். 1979-இல் ஆரக்கிள், 1983-இல் ஐபிஎம்மின் டிபி2. கணக்கு வழக்குகளின் உலகம் அட்டவணைக்கு மாறியது.

காட்டின் அட்டவணை என்ன வாக்குக் கொடுக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். நிரல் போகும், வரும். கோபால் மொழியில் எழுதியதைச் சியில் எழுதுவார்கள், பிறகு ஜாவாவில் எழுதுவார்கள். தரவு இருக்கும். எந்த நிரலின் பார்வைக்கும் தரவு அடிமையாக இருக்கக் கூடாது என்பதுதான் மொத்த ஏற்பாடும்.

இரண்டு ஊர்கள்

சிமுலாவின் யோசனை வேறு வழியில் பரவியது. ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்தில் ஆலன் கேயும் சகாக்களும் செய்த ஸ்மால்டாக், கேம்பிரிட்ஜில் சிமுலாவைப் பழகிய பியார்னே ஸ்ட்ரூஸ்ட்ரப் செய்த சி++. 1980களில் ஆப்ஜெக்ட் என்பது புதுமையின் சொல். அட்டவணை என்பது அலுவலகத்தின் சொல். இரண்டு ஊர்க்காரர்களும் அதிகம் பேசிக்கொண்டதில்லை.

ஆனால் நிஜ மென்பொருளுக்கு இரண்டும் தேவைப்பட்டது. நிரலுக்குள் ஆப்ஜெக்டுகள், வட்டில் அட்டவணைகள். மின்பொறியியலில் இரண்டு சுற்றுகள் ஒன்றுக்கொன்று பொருந்தாமல் சக்தி வீணாவதைக் குறிக்கும் சொல் ஒன்று உண்டு, ‘இம்பீடன்ஸ் மிஸ்மேட்ச்’. அதையே இந்தப் பொருந்தாமைக்கும் பெயராக்கினார்கள்.

முதலில் வந்த தீர்வு துணிச்சலானது: அட்டவணையே வேண்டாம், ஆப்ஜெக்டுகளை அப்படியே சேமித்துவிடலாம். ஜெம்ஸ்டோன், ஓ2, ஆப்ஜெக்ட்ஸ்டோர் என்று தரவுத்தளங்கள் வந்தன. 1989-இல் அந்தத் தரப்பு ஒரு கொள்கை அறிக்கையே வெளியிட்டது. 1990-இல் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கரும் மற்றவர்களும் எதிர் அறிக்கை விட்டார்கள். 1995-இல் கிறிஸ் டேட், ஹ்யூ டார்வென் இருவரும் மூன்றாவது அறிக்கை எழுதினார்கள். வகுப்பும் அட்டவணையும் ஒன்று என்று நினைப்பதே பெரிய பிழை, வகுப்புக்கு நிகர் ஒரு நெடுவரிசையின் மதிப்பு வகைதான் என்பது அவர்கள் கட்சி. இலக்கிய இயக்கங்கள் மட்டும்தான் அறிக்கை விட்டுச் சண்டை போடும் என்று நினைக்கிறவர்கள் இந்த ஆறு ஆண்டுகளைப் படிக்க வேண்டும்.

அட்டவணைக்கே மரபுரிமையைக் கற்றுக்கொடுக்கும் முயற்சியும் நடந்தது. 1986-இல் பெர்க்லியில் ஸ்டோன்பிரேக்கர் தொடங்கிய போஸ்ட்கிரஸில் ஒரு அட்டவணை இன்னொன்றிலிருந்து பிறக்கலாம். அதன் வழித்தோன்றலான போஸ்ட்கிரெஸ்க்யூஎல்லில் இன்றைக்கும் அந்த வசதி இருக்கிறது. கூடவே ஒரு குழியும் இருக்கிறது. தாய் அட்டவணையில் ‘இந்த எண் இரண்டு தடவை வரக் கூடாது’ என்று விதி போட்டால் அது பிள்ளை அட்டவணைகளைக் கட்டுப்படுத்தாது. தாயைச் சுட்டும் ஃபாரின் கீ, அதாவது ‘இங்கே எழுதும் எண் அங்கே நிச்சயம் இருக்க வேண்டும்’ என்ற காவல், பிள்ளைகளின் வரிகளைக் கண்டுகொள்ளாது. மரபுரிமை உள்ளே வந்ததும் அட்டவணையின் பெரிய பலமே, அதாவது பொய்யை உள்ளே விடாத அதன் விதிகள், தளர்ந்துபோயின. இந்த விஷயம் திரும்பத் திரும்ப வரப்போகிறது.

மூன்று வழிகள்

ஆப்ஜெக்ட் தரவுத்தளங்கள் பெரிதாக வெல்லவில்லை. மிஞ்சியது சமரசம்: நடுவில் ஒரு மொழிபெயர்ப்பாளரை உட்காரவைப்பது. அதன் பெயர்தான் ஓஆர்எம். கனடாவின் ‘தி ஆப்ஜெக்ட் பீப்பிள்’ நிறுவனம் ஸ்மால்டாக்கில் செய்த டாப்லிங்க், 1994-இல் நெக்ஸ்ட் நிறுவனம் வெளியிட்ட ‘என்டர்பிரைஸ் ஆப்ஜெக்ட்ஸ் ஃபிரேம்வொர்க்’ ஆகியவை முன்னோடிகள். 2001-இல் கேவின் கிங் ஜாவாவுக்காக ஹைபர்நேட்டைத் தொடங்கினார்.

2002-இன் இறுதியில் மார்ட்டின் ஃபவுலரின் நிறுவன மென்பொருள் வடிவங்கள் பற்றிய புத்தகம் வந்தது. அதுவரை ஆளுக்கொரு பெயரில் புழங்கிய மூன்று வழிகளுக்கு அவர் வைத்த பெயர்கள் நிலைத்துவிட்டன. டாலும் நைகார்டும் டூரிங் விருது பெற்றுச் சில மாதங்களில், அதே 2002 கோடையில், ஒருவர் பின் ஒருவராக இறந்துபோனார்கள். காட் 2003-இல். இரண்டு ஊர்களையும் கட்டியவர்கள் கிளம்பிய நேரத்தில்தான் நடுவே உள்ள ரோட்டுக்குப் பெயர்ப்பலகை வைத்தார்கள்.

நம் பாலத்தையே எடுத்துக்கொள்வோம். இப்போது சிமுலேஷன் இல்லை. நிஜச் சாவடி, நிஜ ரசீது, வருஷக்கணக்கில் சேமிக்க வேண்டும்.

முதல் வழி, ஒற்றை அட்டவணை. ‘வாகனம்’ என்று ஒரே அட்டவணை. சுமைக்கு ஒரு நெடுவரிசை, பயணிகள் எண்ணிக்கைக்கு ஒரு நெடுவரிசை, இது லாரியா பேருந்தா என்று சொல்ல ஒரு நெடுவரிசை. எளிது, வேகம். ஆனால் பேருந்துக்குச் சுமை கிடையாது. அதனால் அந்தக் கட்டம் காலி, தரவுத்தள மொழியில் ‘நல்’. பேருந்துக்காகக் காலியை அனுமதித்தால் லாரிக்கும் அனுமதித்ததாகிவிடுகிறது. சுமை எழுதாத லாரி ஒன்று சத்தமில்லாமல் உள்ளே நுழையலாம். தடுக்க வேண்டுமானால் ‘வகை லாரி என்றால் சுமை இருக்க வேண்டும்’ என்று தனியாக விதி எழுத வேண்டும். வகைகள் கூடக் கூட நெடுவரிசைகளும் கூடும். பத்து வகை வந்த பிறகு அட்டவணையைத் திறந்து பார்த்தால் பாதிக்கு மேல் பொட்டல்காடு.

இரண்டாவது வழி, வகுப்புக்கு ஒரு அட்டவணை. ‘வாகனம்’ அட்டவணையில் பொதுவானவை. ‘லாரி’ அட்டவணையில் சுமை மட்டும். இரண்டையும் ஒரே எண் இணைக்கிறது. பார்க்க அழகு, காட்டே ஒத்துக்கொள்வார் போலிருக்கும். ஆனால் ஒரு லாரியைப் படிக்க இரண்டு அட்டவணைகளை ஜாயின் பண்ண வேண்டும். படிநிலை நான்கு அடுக்கு என்றால் நான்கு. ‘எல்லா வாகனங்களையும் கொடு’ என்று சாதாரணமாகக் கேட்டால், எது எந்த வகை என்று கண்டுபிடிக்கவே அத்தனை பிள்ளை அட்டவணைகளையும் ஓஆர்எம் கூட்டிவரக்கூடும்.

மூன்றாவது வழி, முழு வகுப்புக்கு மட்டும் அட்டவணை. ‘வாகனம்’ என்ற அட்டவணையே கிடையாது. லாரிக்கு ஒன்று, பேருந்துக்கு ஒன்று, பொதுவானவை இரண்டிலும் எழுதப்பட்டிருக்கும். லாரியை மட்டும் தேடினால் ரொம்ப வேகம். ஆனால் ரசீது எதைச் சுட்டும்? ‘வாகனம்’ இல்லையே. லாரி அட்டவணையைச் சுட்டினால் பேருந்துக்கு ரசீது கொடுக்க முடியாது. ஃபாரின் கீ ஒரே ஒரு அட்டவணையைத்தான் சுட்டும். ஒரே பதிவெண் லாரியிலும் பேருந்திலும் வந்தால் தடுக்க ஆளில்லை. வரிசையில் நிற்கும் எல்லோரையும் ஒன்றாகக் கூப்பிடத்தான் மரபுரிமையையே கண்டுபிடித்தார்கள். இந்த வழியில் அந்த வரிசையே காணாமல் போகிறது.

மூன்று வழியிலும் கடன் இருக்கிறது. முதலாவதில் கடனைக் காலிக் கட்டங்களில் ஒளிக்கிறோம். இரண்டாவதில் வேகத்தில். மூன்றாவதில் உறவுகளில்.

யார் தேர்ந்தெடுத்தது?

நடைமுறையில் பலரும் இந்த மூன்றில் ஒன்றை யோசித்துத் தேர்ந்தெடுப்பதில்லை. கையில் கிடைத்த கருவி தேர்ந்தெடுத்துவிடுகிறது.

2006-இல் வந்த ஜாவா தரநிலையான ஜேபிஏ, எதுவும் சொல்லாவிட்டால் ஒற்றை அட்டவணை என்று வைத்தது. மூன்றாவது வழியை ஆதரிப்பது கட்டாயமில்லை என்றும் சொல்லிவிட்டது. 2004-இல் டேவிட் ஹைனமயர் ஹான்சன் வெளியிட்ட ரெயில்ஸும் ஒற்றை அட்டவணையைத்தான் கொண்டுவந்தது. பைத்தான்காரர்களின் ஜாங்கோ, 2008-இல் வந்த 1.0 பதிப்பிலேயே, ஒரு மாடலிலிருந்து இன்னொன்றைப் பிறப்பித்தால் தானாகவே தனி அட்டவணை போட்டுவிடும். ஒரே ஒரு வரி நிரல்தான். அதன் பின்னால் ஒரு ஜாயின் பிறந்திருப்பது எழுதுகிறவர் கண்ணுக்குத் தெரியாது. மைக்ரோசாஃப்டின் இஎஃப் கோர் 2016-இல் ஒற்றை அட்டவணையோடு மட்டும் வந்தது. இரண்டாவது வழி 2020-இல்தான் சேர்ந்தது, மூன்றாவது 2022-இல். இரண்டாவது வழி பெரும்பாலும் மெதுவாக இருக்கும் என்ற எச்சரிக்கையையும் அவர்களின் ஆவணமே தருகிறது.

ரெயில்ஸின் ஒற்றை அட்டவணையில் ஒரு சின்ன விவரம் இந்த வரலாற்றையே சுருக்கிச் சொல்கிறது. வரி எந்த வகை என்பதை ‘டைப்’ என்ற நெடுவரிசை சொல்லும். அதில் எழுதப்படுவது நிரலில் உள்ள வகுப்பின் பெயர். ஒருநாள் நிரலாளர் ‘லாரி’ என்ற வகுப்பை ‘சரக்கு வாகனம்’ என்று பெயர் மாற்றுகிறார் என்று வையுங்கள். பழைய வரிகளில் இன்னும் ‘லாரி’ என்றே இருக்கும். அந்த வகுப்பைத் தேடிப்பார்த்துவிட்டு, காணவில்லை என்று நிரல் பிழை காட்டி நின்றுவிடும். ‘பாலிமார்ஃபிக் அசோசியேஷன்’ என்று ஒன்றும் உண்டு. ரசீதில் வாகனத்தின் எண்ணோடு வகுப்பின் பெயரையும் எழுதிவைப்பது. எந்த அட்டவணை என்பதே வரிக்கு வரி மாறுவதால் அங்கே ஃபாரின் கீ போட வழியே இல்லை. வாகனத்தை அழித்துவிட்டு ரசீதை மறந்தால், அந்த ரசீது இல்லாத ஒன்றைச் சுட்டிக்கொண்டே கிடக்கும்.

தரவின் உள் அடுக்கு நிரலுக்குத் தெரியக் கூடாது என்றார் காட். இங்கே தலைகீழாகி, நிரலின் உள் அடுக்கு தரவுக்குள் எழுதப்பட்டுவிட்டது. மாலுமியும் திரும்பி வந்துவிட்டார். ரசீதிலிருந்து வாகனம், வாகனத்திலிருந்து உரிமையாளர், உரிமையாளரிடமிருந்து முகவரி என்று புள்ளி வைத்துப் புள்ளி வைத்து ஆப்ஜெக்டில் நடப்பது 1973-இல் பாக்மன் சொன்ன பயணமேதான். 1974-இல் தோற்ற கட்சி முன்வாசல் வழியாக ஓஆர்எம் என்ற பெயரில் உள்ளே வந்தது. யாரும் கவனிக்கவில்லை.

2006-இல் டெட் நியூவர்ட் எழுதிய கட்டுரை ஓஆர்எம்மைக் கணினியியலின் வியட்நாம் என்று அழைத்தது. நுழைவது எளிது, ஆரம்ப வெற்றிகள் உற்சாகம் தரும், பிறகு ஒவ்வொரு பிரச்சினைக்கும் இன்னும் கொஞ்சம் படை, வெளியேற வழி தெரியாது என்பது ஒப்பீடு. லட்சக்கணக்கானோர் செத்த ஒரு போரை ஜாயின் பிரச்சினைக்கு உவமையாக்குவது நெருடத்தான் செய்கிறது. ஆனாலும் அந்தக் கட்டுரை பரவிய விதம் எத்தனை பேர் உள்ளே மாட்டிக்கொண்டிருந்தார்கள் என்பதைக் காட்டியது.

இரண்டு வேடம்

இதுவரை சொன்னதெல்லாம் எங்கே சேமிப்பது என்ற சிக்கல். ஆழமான சிக்கல் வேறு. லாரிகளை விட்டுவிட்டு மனிதர்களை எடுத்துக்கொள்வோம்.

ஒரு மருத்துவமனை மென்பொருள். ‘நபர்’ என்று ஒரு வகுப்பு. அதிலிருந்து ‘நோயாளி’, ‘செவிலியர்’, ‘மருத்துவர்’. பாடப்புத்தகத்தில் வரைவதற்கு லட்சணமான மரம். ஒருநாள் அங்கே வேலை பார்க்கும் செவிலியர் ஒருவரே காய்ச்சலோடு அனுமதிக்கப்படுகிறார். இப்போது அவர் யார்? ஜாவாவில் ஓர் ஆப்ஜெக்ட் பிறக்கும்போது எந்த வகுப்போ, சாகும்வரை அதே வகுப்புதான். செவிலியர் ஆப்ஜெக்ட் நோயாளி ஆக முடியாது. இரண்டாகவும் இருக்க ‘நோயாளிச் செவிலியர்’ என்று ஒரு வகுப்பு எழுதலாம். பிறகு ‘நோயாளி மருத்துவர்’. இப்படியே போனால் முடிவே கிடையாது. ஆகவே நிரல் என்ன செய்யும்? அவரை இன்னொரு தடவை, இன்னொரு எண்ணில், புது நபராக எழுதிக்கொள்ளும். ஒரே பெயர், ஒரே பிறந்த தேதி, இரண்டு ஆட்கள். ஒரு பதிவில் அவருக்குப் பெனிசிலின் ஒவ்வாது என்று இருக்கும். இன்னொரு பதிவில் அந்தக் கட்டம் காலி. சிமுலேஷனில் இது வெறும் வகைப்பாட்டுப் பிழை. மருத்துவமனையில் இது உயிர்.

இவ்வளவுக்கும் அட்டவணை இதைத் தடுக்கவில்லை என்பதுதான் வேடிக்கை. இரண்டாவது வழியை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். ‘நபர்’ அட்டவணையில் ஒரு வரி, அதே எண்ணில் ‘செவிலியர்’ அட்டவணையில் ஒரு வரி, அதே எண்ணில் ‘நோயாளி’ அட்டவணையிலும் ஒரு வரி. தரவுத்தளத்துக்கு இதில் எந்த ஆட்சேபமும் இல்லை. அது பாட்டுக்கு வைத்துக்கொள்ளும். திரும்ப வாசிக்கும்போது ‘இவர் இதுவா, அதுவா, ஒன்றைச் சொல்’ என்று அடம்பிடிப்பது வகுப்புதான்.

இதை யாரும் முன்கூட்டியே யோசிக்கவில்லையா? யோசித்தார்கள். 1977-இல் ஜான் ஸ்மித்தும் டயான் ஸ்மித்தும் அட்டவணைகளுக்குள் பொதுமைப்படுத்தலைக் கொண்டுவருவது பற்றி எழுதினார்கள். 1979-இல் காட்டே தன் மாதிரியை விரிவாக்கித் துணைவகைகளைச் சேர்த்தார். அதை முதலில் முன்வைத்த தாஸ்மானியாவின் நினைவாக அதற்கு ஆர்எம்/டி என்று பெயர். எல்லாவற்றையும்விடச் சுவாரசியம், 1974 விவாதத்தில் எதிர்ப்பக்கம் நின்ற பாக்மன் 1977-இல் தயா என்பவரோடு சேர்ந்து எழுதிய கட்டுரை. ஒரு நபர் என்பது ஒன்று, அவர் ஏற்கும் பாத்திரங்கள் வேறு. ஒரே ஆள் ஒரே நேரத்தில் பல பாத்திரங்களை ஏற்கலாம், விடலாம். நாடகம் பார்த்த யாருக்கும் புரியும் யோசனை. வேடத்தைக் கலைத்தாலும் நடிகர் இருப்பார். ஓஆர்எம் என்ற சொல் புழக்கத்துக்கு வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே அதன் பெரிய தலைவலிக்கு மருந்து எழுதிவைக்கப்பட்டிருந்தது.

ஏன் அந்த வழியில் போகவில்லை? நோக்கம் வேறாக இருந்தது ஒரு காரணம். மரபுரிமையின் முதல் வசீகரம் எழுத்து மிச்சம்: ஒரு தடவை எழுதி, பல இடத்தில் பயன்படுத்துவது. 1994-இல் வந்த வடிவமைப்பு வடிவங்கள் புத்தகமே, மரபுரிமையைவிடப் பொருள்களைச் சேர்த்துக் கட்டுவதை விரும்புங்கள் என்று அறிவுறுத்தியது. அறிவுரை நிரலுக்குள் மெல்ல மெல்ல எடுபட்டது. அட்டவணைக்குப் போய்ச் சேர இன்னும் நேரமாயிற்று. 2020 டிசம்பரில் வந்த ரெயில்ஸ் 6.1-இல் ‘டெலிகேட்டட் டைப்ஸ்’ என்ற வசதி சேர்ந்தது. பொதுவானதற்கு ஓர் அட்டவணை, ஒவ்வொரு வகைக்கும் தனி அட்டவணை, நடுவில் மரபுரிமை இல்லை, ஒன்று மற்றொன்றைச் சுட்டுகிறது, அவ்வளவே. அதிலும் வகுப்பின் பெயர் நெடுவரிசையில் இருக்கிறது, ஃபாரின் கீ சிக்கல் தீரவில்லை. ஆனால் ‘லாரி என்பது வாகனம்’ என்பதிலிருந்து ‘இந்த வாகனத்துக்கு ஒரு லாரி விவரம் உண்டு’ என்பதற்கு நகர்ந்திருக்கிறோம். இருக்கிறது என்பதற்கும் ஆகும் என்பதற்கும் இடையிலான தூரம் அது.

ஆக, மரபுரிமையே தப்பா? கிடையாது. ஒரு வட்டம் எந்த நாளும் சதுரமாகப்போவதில்லை. காசோலை மூலம் வந்த கட்டணம் நாளைக்கு ரொக்கமாக மாறப்போவதில்லை. நடந்து முடிந்த செயல் அது. இப்படி வகை மாறவே மாறாத இடங்களில் மூன்று வழிகளில் எதை எடுத்தாலும் கணக்கு வேகத்துக்கும் இடத்துக்கும்தான். வகுப்பு வரையும் முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று. இது தன் ஆயுள் முழுக்க இதுவாகவே இருக்குமா? மாணவர், ஊழியர், வாடிக்கையாளர், நோயாளி என்று மனிதர்களைப் பற்றிய சொல்லாக இருந்தால் பதில் பெரும்பாலும் ‘இல்லை’தான். அப்போது அது வகுப்பு அல்ல, பாத்திரம். அதற்குத் தனி அட்டவணையில் ஒரு வரி போதும்: யார், எந்தப் பாத்திரம், எந்தத் தேதியிலிருந்து, எந்தத் தேதிவரை. அந்தச் செவிலியர் குணமாகி வேலைக்குத் திரும்பும் நாளில், நோயாளி வரியில் முடிவுத் தேதி ஒன்றை எழுதினால் போதும். அவருடைய எண் மாறாது. ஒவ்வாமைக் குறிப்பும் அதே எண்ணில் அப்படியே இருக்கும், மென்பொருளை வேறொரு மொழியில் முழுசாகத் திருப்பி எழுதிய பிறகும்.